வெப்பமானி பார்த்துத் திறக்கும் கதவு



பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்குத் தண்ணீர், ஆடையற்றவனுக்கு ஆடை, அந்நியனுக்கு இடம் என்று இரக்கச் செயல்களை ஞானோபதேச வகுப்பிலே மனனஞ் செய்தவர்கள் நாம். வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றால் இவற்றை எப்படிச் செய்வதென்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரே நகரத்தில், ஒரே இரவில், ஆயிரக்கணக்கானோர் வீடின்றி நிற்பார்களானால் என்ன செய்வது? அங்கே நல்ல மனம் மட்டும் போதாது. கட்டடம் வேண்டும், பணம் வேண்டும், ஊழியர் வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும், கதவை எப்போது திறப்பது என்ற முடிவு வேண்டும். அந்த முடிவு பிழைத்தால் மனிதர் இறக்கிறார்கள். இதனைக் கனடாவின் ரொறன்ரோ நகரத்தை உதாரணமாகக் கொண்டு இவ்வாரம் படிப்போம்.

ரொறன்ரோவைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலருக்கு அங்கே பிள்ளைகளோ சகோதரரோ இருக்கின்றனர். அந்நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் பெயர் நம் வீடுகளில் தெரியாத பெயரன்று. அங்கிருந்து வரும் படங்களில் வெண்பனியைப் பார்த்து மகிழ்கிறோம். அதே பனியில் இரவைக் கழிக்கும் மனிதரும் அந்த நகரத்தில் உளர். 2024 ஒக்டோபரில் நகர நிர்வாகம் செய்த கணிப்பின்படி அங்கே வீடற்றிருந்தோர் 15,400 பேர் அளவில். இவர்களுள் பெரும்பாலோர் தங்குமிடங்களில் படுக்கை பெற்றவர்கள். எஞ்சியோர் பூங்காக்களிலும், பாலங்களின் கீழும், கட்டட வாயில்களிலும் படுப்பவர்கள்.

இப்படி வெளியே கிடப்போருக்காகவே குளிர்காப்பு நிலையங்கள் ஏற்பட்டன. இவை நிரந்தர விடுதிகள் அல்ல. கடுங்குளிர் வரும் இரவுகளில், சூடாக்கப்பட்ட ஒரு மண்டபத்தைத் திறந்து, வருவோரைக் கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்து, விடியும்வரை அல்லது குளிர் தணியும்வரை வைத்திருக்கும் இடங்கள். நகர மண்டபங்களும், சமூக நிலையங்களும், விளையாட்டரங்குகளும் இதற்குப் பயன்படுகின்றன.

குளிர் எப்படிக் கொல்கிறது?

வெப்ப நாட்டிலே வாழும் நமக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனி. போர்வை ஒன்றைக் கூடுதலாக இழுத்துப் போர்த்தினால் தீர்ந்துவிடும். நுவரெலியாவில் சில தை மாத விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதைக் கண்டவர்கள், நீர் உறையும் நிலை எத்தகையதென்று ஓரளவு அறிவார்கள். அதுவே 0 பாகை செல்சியஸ். ரொறன்ரோவில் தை மாத இரவுகள் அதற்கும் பல பாகைகள் கீழே செல்வது வழக்கம். காற்று வீசினால் உடல் உணரும் குளிர் இன்னும் அதிகம்.

மனித உடலின் உள்வெப்பம் 37 பாகை அளவில் இருக்க வேண்டும். அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உடற்குளிர்ச்சி என்ற ஆபத்தான நிலை தொடங்குகிறது. முதலில் உடல் நடுங்கும். அந்த நடுக்கம் தசைகள் வெப்பத்தை உண்டாக்கும் முயற்சி. வெப்பம் மேலும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். பார்ப்பவர்கள் ஆள் தேறிவிட்டான் என்று எண்ணலாம். உண்மையில் உடல் தோற்றுப்போகும் கட்டம் அது. அறிவு மங்கும், பேச்சுக் குழறும், நித்திரை அமுக்கும். சிலர் அந்த மயக்கத்தில் தமக்கு உடல் எரிகிறதென்று எண்ணிப் போட்டிருந்த உடையையும் கழற்றிவிடுவதுண்டு. ஆகையால் குளிரில் விறைப்பவன் உதவி கேட்டு வருவான் என்று காத்திருக்க முடியாது. உதவி கேட்கும் அறிவையே குளிர் முதலில் பறித்துவிடுகிறது.

இன்னும் இரண்டு காரியங்களைக் கவனத்திற் கொள்ளுங்கள். மது அருந்தினால் உடல் சூடேறும் என்று நம்புவோர் நம்மிடையிலும் உண்டு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் சூடு போன்ற உணர்வு வருகிறது. ஆனால் உள்ளேயிருந்த வெப்பம் அந்த வழியாகவே வெளியேறுகிறது. இரண்டாவது, ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த சப்பாத்தும் நனைந்த காற்சட்டையும் உள்ள ஒருவன், நீர் உறையாத இரவிலும் மெல்ல மெல்லச் சாகலாம். இந்த ஈரத்தை மறவாதீர்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

ஆலய மண்டபங்களில் தொடங்கிய பணி

வீடற்றோருக்குக் குளிர்கால இரவில் இடங்கொடுக்கும் பணியை ரொறன்ரோவில் வளர்த்தவர்களுள் முக்கியமானவர் ஒரு கன்னியர். எங்கள் மாதாவின் மறைபரப்புக் கன்னியர் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி சூசன் மொறான், பசிலியன் சபைக் குருவானவர் ஜோன் மேர்பியுடன் சேர்ந்து, 1987இல் புனித மிக்கேல் கல்லூரிப் பாடசாலையில் இதனைத் தொடங்கினார். பாடசாலை மாணவர்கள் அறிந்து பழகிய வீடற்ற மனிதர் ஒருவரின் மரணமே அவர்களைத் தூண்டியது. 'அவுட் ஒவ் த கோல்ட்' என்று அப்பணிக்குப் பெயரிட்டார்கள். குளிரை விட்டு உள்ளே வருதல் என்பது கருத்து.

அவர்கள் கண்ட முறை எளியது. எந்த ஓர் ஆலயமும் குளிர்காலம் முழுவதும் ஒவ்வோர் இரவும் மண்டபத்தைத் திறந்து வைக்க இயலாது. ஆனால் வாரத்தில் ஓர் இரவு திறக்கலாம். திங்கள் ஓர் ஆலயம், செவ்வாய் இன்னோர் ஆலயம் என்று பங்கிட்டுக்கொண்டால், நகரத்தில் ஒவ்வோர் இரவும் எங்கேனும் ஒரு கதவு திறந்திருக்கும். கத்தோலிக்கரோடு ஏனைய கிறிஸ்தவ சபையினரும், யூத செபக்கூடங்களும் இதில் சேர்ந்தார்கள். தொண்டர்கள் சமைத்தார்கள், நிலத்திலே மெத்தை விரித்தார்கள், காலையில் உணவு கொடுத்து அனுப்பினார்கள். வந்தவனின் மதத்தையோ அவன் ஏன் வீடிழந்தான் என்பதையோ யாரும் விசாரிக்கவில்லை.

நாம் இதைப் படித்துப் பெருமைப்படுவது இயல்பு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் இடம் என்றால், வீடற்றவன் தன் மூட்டையைச் சுமந்துகொண்டு பனியிலே நகரம் முழுவதும் அலைய வேண்டும். தொண்டர்களுக்கு வயதாகும். 2020இல் கொவிட் நோய் பரவியபோது, அடுத்தடுத்து மெத்தை விரித்துப் படுக்க வைக்கும் முறையைத் தொடர முடியாமற் போயிற்று. ஆலய மண்டபங்கள் மூடப்பட்டன. தர்மத்தினாலே தொடங்கலாம், வழிகாட்டலாம். ஆனால் ஒரு பெருநகரத்தின் உயிர்க்காப்பைத் தர்மத்தின் தோளில் மட்டும் வைக்க முடியாது என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

பதினைந்து என்ற எண்

நகர நிர்வாகம் என்ன செய்தது? 1996இல் ரொறன்ரோவின் வீதிகளில் வீடற்ற ஆண்கள் மூவர் குளிரில் இறந்தனர். அவர்களுள் ஒருவர் இறந்தது பஸ் தரிப்பிடத்தில். மரண விசாரணை நடந்தது, நகரம் அதிர்ந்தது. 1998இல், தாதியான கத்தி குறோ முதலானோர் ரொறன்ரோ அனர்த்த நிவாரணக் குழு என்ற பெயரில் ஒன்றுகூடி, வீடற்ற நிலை ஒரு தேசிய அனர்த்தம் என்று பிரகடனஞ் செய்தார்கள். வெள்ளமும் நிலநடுக்கமும் வந்தால் அரசாங்கம் எப்படி எழுந்து செயற்படுமோ, அப்படியே இதற்கும் செயற்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். மாநகர சபையும் அதனை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

கடுங்குளிருக்கென ஓர் எச்சரிக்கை முறையும் நடைமுறையில் இருந்தது. வெப்பநிலை -15 பாகைக்கு இறங்கும் என்று வானிலை முன்னறிவிப்புக் கூறினால், நகரத்தின் சுகாதார வைத்திய அதிகாரி எச்சரிக்கை விடுப்பார். அதன் பின்னர் மேலதிக இடங்கள் திறக்கப்படும். வீதியில் உள்ளோரைத் தேடி ஊழியர் செல்வார்கள். எச்சரிக்கை இல்லையென்றால் இவை இல்லை.

இந்த முறை நியாயமானதாகவே தோன்றுகிறது. எங்கேனும் ஓர் எல்லை வைக்கத்தானே வேண்டும்? ஊழியரைக் கூப்பிடவும், மண்டபத்தைச் சூடாக்கவும், உணவு கொண்டுவரவும் ஓர் அளவுகோல் இல்லாமல் எந்த நிர்வாகமும் இயங்காது. ஆனால் எல்லை என்று ஒன்று வைத்தவுடன், அந்த எல்லைக்கு இப்பால் நடப்பது கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது. 2015 ஜனவரி முதல் வாரத்தில், நகரின் மத்தியிலே யங் வீதியும் டன்டாஸ் வீதியும் சந்திக்கும் சனநெருக்கமான இடத்தில், பஸ் தரிப்பிடமொன்றில் மெல்லிய உடையோடு காணப்பட்ட ஒருவர் உயிரிழந்தார். அந்த இரவுக்குக் கடுங்குளிர் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே, மேயரின் உத்தரவின் பேரில், நிலையங்கள் திறக்கப்பட்டன. கட்டடமும் இருந்தது, ஊழியரும் இருந்தனர். எண் மட்டும் வரவில்லை.

கணக்குச் சொன்ன உண்மை

இவ்விடத்தில் ரொறன்ரோவின் புனித மிக்கேல் வைத்தியசாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1892இல் புனித சூசையப்பர் கன்னியர் ஏழைகளுக்காகத் தொடங்கிய வைத்தியசாலை அது. இன்றும் நகர மத்தியில் வீடற்றோரைப் பராமரிக்கும் இடமாகவும், அவர்களின் சுகாதாரத்தை ஆராயும் இடமாகவும் விளங்குகிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 2004 முதல் 2015 வரை ரொறன்ரோவில் வீடற்றோர் உடற்குளிர்ச்சிக்கு ஆளான சம்பவங்களை வைத்தியசாலைப் பதிவுகளிலிருந்தும் மரண விசாரணைப் பதிவுகளிலிருந்தும் திரட்டினார்கள். உயிர் தப்பிய சம்பவங்கள் 79, மரணங்கள் 18. ஒவ்வொன்றும் நடந்த நாளின் வெப்பநிலை என்ன என்று பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளியாயிற்று.

அந்தச் சம்பவங்களில் 72 வீதமானவை, வெப்பநிலை -15 பாகைக்கு மேலே இருந்த நாட்களில் நடந்தவை! அதாவது எச்சரிக்கை முறை விழித்தெழும் எல்லைக்கு வெளியே, கதவுகள் மூடியிருந்திருக்கக்கூடிய நாட்களில்.

இது எப்படி? குளிர் கூடக் கூட ஆபத்து அதிகரிக்கும் அல்லவா? ஆம், அதிகரிக்கிறது. வெப்பநிலை 5 பாகை இறங்கும் ஒவ்வொரு முறையும் உடற்குளிர்ச்சியின் ஆபத்து ஏறத்தாழ 1.6 மடங்காகிறதென்றும் அதே ஆய்வு கூறுகிறது. ஆனால் கடுங்குளிர் இரவுகள் சிலவே. மிதமான குளிர் இரவுகளோ பல. சில இரவுகளில் பெரிய ஆபத்து. பல இரவுகளில் சிறிய ஆபத்து. பல சிறியவை சேர்ந்து சில பெரியவற்றை மிஞ்சிவிடுகின்றன. நமது கடற்றொழிலாளர் இதனை நன்கு உணர்வார்கள். புயலென்று அறிவித்த நாளில் யாரும் வள்ளத்தைத் தள்ளுவதில்லை. புயலில்லையென்று நம்பிப் புறப்பட்ட நாட்களிலும் கடல் ஆளைக் கொண்டுபோவதுண்டு.

ஈரத்தைப் பற்றி முன்னர் சொன்னோமல்லவா? மழையோ பனியோ ஒரு மில்லிமீற்றர் கூடுதலாகப் பெய்தாலே ஆபத்து ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறதென்பதும் அந்த ஆய்வின் முடிவு. வெப்பமானிக்கு மழை தெரியாது. 2 பாகையில் பெய்யும் மழை, வீட்டிலிருப்பவனுக்கு ஒரு சாதாரண மாலை. வீதியிலிருப்பவனுக்கு மரணத்தின் வாசல்.

ஆகவே அந்த ஆய்வாளர்கள் கூறியது, எச்சரிக்கை எல்லையை மட்டும் நம்பியிராமல், மிதமான குளிரிலும் மழையிலும் வீடற்றோருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதாகும். இது உடனே நிறைவேறிவிடவில்லை. குளிர்காலம் முடியும்வரை நிலையங்களை இரவும் பகலும் திறந்து வைக்க வேண்டுமென்ற யோசனையை 2023 பெப்ரவரியில் மாநகர சபை ஏற்கவில்லை. இடமில்லை, ஊழியரில்லை, பணமில்லை என்பது நிர்வாகத்தின் விளக்கம். எனினும் வாதம் ஓயவில்லை. 2023-24 குளிர்காலத்திலிருந்து நிலையங்களைத் திறக்கும் எல்லை -5 பாகையாக்கப்பட்டது. ஒரு தாளில் எழுதிய எண் 15இலிருந்து 5ஆக மாறியது. அந்தச் சிறு மாற்றத்தினால் கதவு திறந்திருக்கும் இரவுகள் பெருகின.

கதவு திறந்தால் மட்டும் போதுமா?

குளிர்காப்பு நிலையத்தைத் திட்டமிடுவோர் விடை காண வேண்டிய கேள்விகள் இன்னும் பல. அவற்றுள் முக்கியமான நான்கைப் பார்ப்போம்.

முதலாவது, எங்கே? நிலையம் பஸ்ஸும் சுரங்க ரயிலும் செல்லும் இடத்தில் இருக்க வேண்டும். வீடற்றோர் இருக்கும் இடத்துக்கு அருகேயும் இருக்க வேண்டும். ரொறன்ரோவில் நகர மத்தியிலுள்ள மெற்றோ மண்டபமும், கிழக்கே ஸ்காபரோ நகர நிலையமும் அண்மைய ஆண்டுகளில் இதற்குப் பயன்பட்டன. நகர மத்தியில் மட்டும் இடம் வைத்தால், ஸ்காபரோவில் வீதியிலிருப்பவன் பஸ் காசில்லாமல் இருபது கிலோமீற்றர் நடந்தா வருவான்? வீடிழந்தோர் நகரின் நடுவிலே மட்டுமே இருப்பார்கள் என்பது பழைய எண்ணம். வாடகை உயர உயர, நம்மவர் வாழும் புறநகர்களிலும் அவர்கள் இருக்கின்றனர்.

இரண்டாவது, யாருக்குத் தெரியும்? 2017 டிசெம்பர் முடிவில், ரொறன்ரோவில் கடுங்குளிர் நிலவிய இரவுகளில், பெற்றர் லிவிங் சென்ரர் என்ற பெரிய மண்டபத்தில் இடமிருந்தும், தொலைபேசியில் விசாரித்தோருக்கு இடமில்லை என்ற பதில் கிடைத்தது. நிர்வாகம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. கட்டில் இருக்கிறது, ஆள் வெளியே விறைக்கிறான், நடுவிலே பிழையான ஒரு தகவல்! நிலையமொன்றைத் திறப்பது போலவே, அது திறந்திருக்கிறதென்ற செய்தி வீதியிலுள்ளவனின் காதுக்கு எட்டச் செய்வதும் திட்டத்தின் பகுதி.

மூன்றாவது, உள்ளே என்ன? வெள்ளத்திலும் சூறாவளியிலும் போரிலும் பாடசாலை மண்டபங்களிலும் ஆலயங்களிலும் படுத்தெழுந்த அனுபவம் நம் குடும்பங்களுக்கு உண்டு. கூரை இருந்தால் போதும் என்று முதல் நாள் நினைத்தோம். இரண்டாம் நாள் மலசலகூடம் தேடினோம். மூன்றாம் நாள் பெண்பிள்ளைகள் உடை மாற்ற மறைவிடம் தேடினோம். அங்கும் அப்படியே. கதிரையில் இருந்தபடி இரவைக் கழிப்பதா, படுக்கக் கட்டில் உண்டா? மூட்டையை வைக்க இடமுண்டா? கணவனையும் மனைவியையும் பிரித்து அனுப்புவதா? பெண்களுக்குத் தனி இடமுண்டா? நாயுடன் வருபவனை வெளியே நிறுத்தினால், அவன் தன் ஒரே துணையை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டான், வெளியிலேயே கிடப்பான். இவை சிறு காரியங்களல்ல. உள்ளே வருவதா வேண்டாமா என்பதை அவன் இவற்றைக் கொண்டே தீர்மானிக்கிறான்.

நான்காவது, காலையில் என்ன? விடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டு இரவில் மீண்டும் வா என்றால், பகல் முழுவதும் அவன் நூல்நிலையத்திலும் கடைத்தொகுதியிலும் ரயில் நிலையத்திலும் ஒதுங்கித் திரிகிறான். பகலில் குளிர் இல்லாமற் போவதில்லையே.

ஏனைய நகரங்கள்

எல்லையை எங்கே வைப்பது என்பதில் நகரங்கள் ஒன்றுபோல் இல்லை. நியூயோர்க் மாநிலத்தில், 2016 ஜனவரியில் ஆளுநர் பிறப்பித்த ஆணையின்படி, பரனைற் அளவில் 32 பாகை, அதாவது நீர் உறையும் 0 பாகை செல்சியஸே எல்லை. இலண்டனிலும் இரவு 0 பாகைக்கு இறங்குமென்று முன்னறிவிப்பு வந்தாலே அவசர இடங்கள் திறக்கப்படுகின்றன. ரொறன்ரோ நீண்ட காலம் வைத்திருந்த -15 பாகையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மனித உடல். மூன்று நகரங்களில் எல்லை மட்டும் வேறு. குளிருக்குப் பழகிய நாட்டில் வீதியிலிருப்பவனின் இரத்தமும் பழகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

நியூயோர்க் நகரத்தில் இன்னுமொரு சிறப்பு உண்டு. 1979இல் வீடற்ற ஆண்களின் சார்பில் அங்கே வழக்குத் தொடரப்பட்டது. 1981இல் நகரமும் மாநிலமும் நீதிமன்றத்தில் இணக்க ஆணையொன்றை ஏற்றன. அதன்படி, இடம் கேட்டு வரும் வீடற்ற ஆண்களுக்குத் தங்குமிடம் கொடுப்பது நகரத்தின் கடமையாயிற்று. அது இரக்கமல்ல, உரிமை. அந்த வழக்கை முன்னின்று நடத்திய வீடற்ற மனிதர், ஆணை கையெழுத்தாவதற்கு முன்னரே வீதியில் இறந்துபோனார். தான் பெற்றுக்கொடுத்த உரிமையின் கீழ் அவர் ஓர் இரவேனும் உறங்கவில்லை.

நிலையம் வீடாகாது

இவ்வளவும் செய்தாலும், குளிர்காப்பு நிலையம் மனிதனை இன்றிரவு சாகாமற் காப்பது மட்டுமே. நாளையும் அவன் வீடற்றவன்தான். இதற்கு வேறு வழி உண்டென்று காட்டிய நாடு பின்லாந்து. ரொறன்ரோவிலும் குளிர் கூடிய நாடு அது. 1987இல் அங்கே 18,000 பேருக்கு மேல் வீடற்றிருந்தனர். 2008இலிருந்து அரசாங்கமும் நகரங்களும் 'முதலில் வீடு' என்ற கொள்கையைக் கைக்கொண்டன. முன்னைய முறையில், குடியை நிறுத்து, வேலை தேடு, ஒழுங்காக நட, பிறகு வீடு தருவோம் என்பார்கள். புதிய முறையில் முதலில் வீட்டுத் திறப்பைக் கையிற் கொடுக்கிறார்கள்; ஏனைய உதவிகள் அதன்பின் வருகின்றன. பலர் ஒன்றாகப் படுத்த பழைய விடுதிகள் தனித்தனி வீடுகளாக மாற்றப்பட்டன. 2022இல் வீடற்றோர் தொகை 4,000இற்கும் குறைவு. அண்மையில் அது உயர்ந்தது உண்மை. வீடு கட்டும் முயற்சி தளர்ந்தால் எண்ணிக்கை திரும்பி ஏறும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

சிலர் கேட்கலாம்: குடிகாரனுக்கும் சோம்பேறிக்கும் வீடு கொடுப்பது நீதியா? வீதியில் இருப்போரில் மனநோயாளர் உளர். வேலை இழந்தோர் உளர். அடி பொறுக்காமல் வீட்டை விட்டு ஓடிவந்த பெண்கள் உளர். அகதிகளாய் வந்து இடங்கிடையாதோர் உளர். குடிக்கு அடிமையானோரும் உளர். குடித்தவன் குளிரில் இறப்பது நீதியென்று எந்தச் சட்டப்புத்தகமும் சொல்லவில்லை. உறங்க ஓர் இடமில்லாதவன் குடியை விடுவது எத்தனை கடினமென்பதும் சிந்திக்கத்தக்கது.

அங்கியும் கதவும்

தூர்ஸ் நகரப் புனித மார்ட்டீனை நாம் அறிவோம். போர்வீரனாயிருந்தபோது, ஆமியான் நகர வாயிலில், குளிரில் நடுங்கிய ஏழை ஒருவனுக்குத் தன் அங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது அவர் வரலாறு. அவருடைய அங்கியை வைத்துப் போற்றிய இடத்துக்கு, அங்கி என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. ஐரோப்பிய மொழிகளில் சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சப்பல்' என்ற சொல் அதுவே. சிற்றாலயம் என்ற பெயரே குளிரில் நடுங்கியவனுக்குக் கொடுத்த துணியிலிருந்து பிறந்ததென்றால், ஆலய மண்டபத்தை அவனுக்குத் திறப்பது புதுமையான காரியமல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மார்ட்டீன் ஏழையைத் தற்செயலாக வழியிலே கண்டார்; கண்டதும் கொடுத்தார். நகரமோ ஏழைகளைத் தற்செயலாகக் காண்பதில்லை. குளிர்காலம் ஒவ்வோர் ஆண்டும் வருமென்று அதற்குத் தெரியும். எத்தனை பேர் வெளியே கிடக்கிறார்களென்ற கணக்கும் அதன் கையில் இருக்கிறது. தெரிந்திருந்தும் நவம்பரில் தேட்டம் தொடங்கி, ஜனவரியில் ஒருவர் இறந்தபின் கதவு திறப்பதைத் தற்செயலென்று சொல்ல முடியாது. ஆடையில்லாதவனைப் பார்த்து, போய்க் குளிர்காய்ந்துகொள் என்று நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவோரைப் புனித யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அந்தக் கண்டனம் தனிமனிதருக்கு மட்டுமன்றி, எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகங்களுக்கும் பொருந்தும்.

ரொறன்ரோவின் நடுவிலே, ஈற்றன் கடைத்தொகுதிக்கு அருகில், பரிசுத்த திரித்துவ ஆலயம் என்ற அங்கிலிக்கன் ஆலயம் உண்டு. வீதியிலும் தங்குமிடங்களிலும் இறந்த வீடற்றோரின் பெயர்களை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நண்பகலில் மக்கள் கூடி, புதிதாய்ச் சேர்ந்த பெயர்களை வாசிக்கிறார்கள். பெயர் தெரியாதவர்களும் அப்பட்டியலில் உளர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இடம்பெற்றுவிட்டனர். எந்த எண்ணில் கதவு திறக்க வேண்டுமென்று முடிவெடுப்போர் அந்தப் பட்டியலை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ரொறன்ரோவில் உங்கள் பிள்ளைகள் இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது அங்கே குளிர் எப்படி என்று கேட்பீர்கள். அதனோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அவர்கள் வாழும் பகுதியில் குளிர்காப்பு நிலையம் எங்கே இருக்கிறது, எந்தப் பாகையில் அது திறக்கிறது? அவர்களுள் பலர் அந்த நகரத்தின் வாக்காளர்கள். அங்கே மாநகர சபைக்கு ஆள் அனுப்புவோரில் அவர்களும் ஒரு பங்கு. அந்த எண்ணை மாற்றும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

குடும்பமாகச் சிந்திக்க

1. உதவி தேவைப்படுபவர் தாமாக வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது எப்போது தவறாகிறது? குளிரில் விறைப்பவரின் நிலையைக்கொண்டு விளக்குங்கள்.

2. பெரிய ஆபத்துள்ள சில நாட்களைவிட, சிறிய ஆபத்துள்ள பல நாட்களில் கூடுதலானோர் பாதிக்கப்படுவது ஏன்? நமது ஊரில் இதற்கு வேறு உதாரணம் உண்டா?

3. ஆலயமும் தொண்டர்களும் செய்யக்கூடியது எது? அரசாங்கமும் மாநகர சபையும் மட்டுமே செய்யக்கூடியது எது?

4. நமது பங்கு மண்டபம் ஆண்டில் எத்தனை இரவுகள் பூட்டிக் கிடக்கிறது? அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது? அவசரத்தில் அதனைத் திறக்க எவருடைய அனுமதி வேண்டுமென்று நமக்குத் தெரியுமா?